பேனாக்கத்திக் கட்சி

நகரி,
20-6-1999

குவைத் நாட்டில் அடுத்தவர் வீட்டுக்கெல்லாம் குளிர்சாதனப் பெட்டி மாட்டிவிட்டு, தான் மட்டும் வெயிலில் நின்றுகொண்டிருக்கும் என் தாய்மாமன் உயர்திரு வேதாச்சலம் அவர்களின் திருச்சமூகத்துக்கு, தங்கள் அக்காள் மகன் பவன்குமார் இரு கை கூப்பி, அதாவது இடது கை முழுசாகவும் வலது கை பெருவிரல் நீங்கலாகவும் கூப்பி, எழுதிக்கொள்வது.

இதனால் சகலருக்கும் துயரத்துடன் அறிவிக்கப்படுவது என்னவென்றால், கடந்த வியாழக்கிழமை காலை நம் வீட்டுக் கிணற்றடியில் என் வலது கைப் பெருவிரல் நகம் பாதியில் முறிந்து காலமானது. அன்னாருக்கு வயது பதினாறு. அன்னாரின் மறைவையொட்டி, குழம்பு பிசைந்து சாப்பிடும் நிகழ்ச்சிகள் அனைத்தும் ரத்து செய்யப்பட்டு, மூன்று நாளாக ஸ்பூனால் சாப்பிட்டு வருகிறேன். “கலெக்டரு துன்றாரு, யாரும் குறுக்க போவாதீங்க” என்று அம்மா அறிக்கை விட்டிருக்கிறாள். மற்றபடி இங்கு அம்மா, நைனா, எருமை, எருமையின் கன்று எல்லோரும் நலம். அங்கு தங்கள் நலத்தையும், தங்களோடு ரூமில் இருப்பவர்கள் நலத்தையும், அவர்கள் முறைவைத்துச் சமைக்கும் குழம்பின் நலத்தையும் அறிய ஆவல்.

மாமா, இந்தக் கடிதத்தில் உங்கள் கல்யாணம் பற்றி ஒரு முக்கியமான செய்தி இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் பேனாக்கத்தி பற்றி அதைவிட முக்கியமான செய்தி இருப்பதால் வரிசைப்படிதான் வருவேன். பொறுக்க முடியாவிட்டால் கடைசிப் பக்கத்துக்குப் போகலாம், தடையில்லை. போனால் ஒன்றும் புரியாமல் திரும்ப இங்கேதான் வரவேண்டும். தூக்கத்தில் ஸ்டாப்பைத் தாண்டி இறங்கியவன் எதிர் பஸ்ஸில் ஏறித் திரும்பி வருகிற கதைதான்.

உங்கள் சிநேகிதர் அப்பாவு அண்ணன் லீவில் புத்தூருக்கு வந்ததும் நல்ல பிள்ளையாக உங்கள் பார்சலைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். அதில் அம்மாவுக்கு ஆரஞ்சுப் பொடி டின், நைனாவுக்கு முழங்கால் தைலம், அதற்குக் கீழே துணியில் சுற்றி இரண்டு இரும்புச் சாமான்கள். ஒன்று சிவப்புப் பேனாக்கத்தி. இன்னொன்று மடக்கு பிளேயர். விரித்தால் நடுவில் கட்டிங் பிளேயர், இரண்டு கைப்பிடிக்குள்ளும் ஒரு கத்தி, ஒரு ரம்பம், ஒரு அரம், ஸ்க்ரூ டிரைவர்கள், டின் திறப்பான் எல்லாம் காலை மடக்கிப் படுத்திருக்கின்றன. உங்கள் கேம்ப் ரூமின் நெரிசலைப் பற்றி நீங்கள் எழுதியதை நான் கண்ணால் பார்த்தது அப்போதுதான். “ஒண்ணு பவனுக்காம், ஒண்ணு சந்திரகிரில பாத்திருக்கற பொண்ணு வூட்டுப் பையனுக்காம்” என்றார் அப்பாவு அண்ணன். எது யாருக்கு என்று கேட்டேன். “அத்த நான் கேக்கலடா. பிளைட்டுக்கு டைம் ஆய்ட்ச்சி” என்று சொல்லி அம்மா கொடுத்த மோரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். ஆகவே பெண் பார்க்கப் போகிற நாள் வரைக்கும் இரண்டும் என் வசம். நான் இரண்டையும் ஆராய்ச்சி செய்தேன். ஆராய்ச்சி முடிவில் பேனாக்கத்திக் கட்சி என்று ஒன்று உதயமாயிற்று. தலைவர், செயலாளர், பொருளாளர், தொண்டர் எல்லாம் நானே.

இப்போது அம்மா பக்கத்தில் நின்றுகொண்டு, “உன் மாமன் வர்ற தபா உனக்கும் ஒரு பிளேயரே வாங்கியாரச் சொல்லி எழுது, வூட்டுக்கு உபயோகமா இருக்கும்” என்கிறாள். எழுதிவிட்டேன். அம்மா அந்தப் பக்கம் போய்விட்டாள். இனி என் கட்சியின் வாதத்தைக் கேளுங்கள்.

நீங்கள் மெக்கானிக். உங்கள் கண்ணுக்கு பிளேயர் அழகாகத் தெரியலாம், அது தொழில் பாசம். பாசத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் பாருங்கள். பேனாக்கத்தியை மூடி உள்ளங்கையில் வைத்தால் அதோடு சரி, அதில் சேர்க்கவும் ஒன்றுமில்லை, குறைக்கவும் ஒன்றுமில்லை. புளியங்கொட்டையைக் கழுவி வைத்த மாதிரி ஒரு வழவழப்பு, மூலை கிடையாது, முனை கிடையாது, சிவப்பு வேறு. வாய் நிறையப் பல் இருந்தும் வெளியே காட்டாத அடக்கம். பிளேயரோ பிறந்ததே இளித்துக்கொண்டு. மூடி வைத்தால் பாதிச் செங்கல், திறந்தால் முழு நண்டு. அதைத் திறப்பதைப் பார்க்கிறதே ஒரு தண்டனை: இரண்டு காலையும் பிடித்து வெளிப்பக்கமாக மடக்கினால் நடுவிலிருந்து தலை வருகிறது. அம்மா பார்த்துவிட்டு, “ஆஸ்பத்திரில பாக்கறதெல்லாம் வூட்ல பண்ணாதடா” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இறுக்கி அமுக்கினால் கைப்பிடியின் விளிம்பு உள்ளங்கையில் தண்டவாளம் போட்டுவிடுகிறது. பேனாக்கத்தியில் ஒரு பிளேடை இழுத்தால் அந்த ஒரு பிளேடு மட்டும் மரியாதையாக வந்து, டக் என்று ஒரு சத்தம் போட்டு நிற்கிறது. பிளேயரில் ஒரு ஸ்க்ரூ டிரைவரைக் கூப்பிட்டால், அரம், ரம்பம், டின் திறப்பான் எல்லாம் கல்யாணத்துக்கு அழைத்த மாதிரி குடும்பத்தோடு கிளம்பி வருகின்றன, திருப்பி அனுப்ப ஆள் வைக்க வேண்டும்.

ஆனால் இதெல்லாம் சில்லறைக் காரணங்கள். மொத்தக் காரணம் ஒன்று உண்டு, அதை நான் ஊருக்குள் நடந்து கண்டுபிடித்தேன். பேனாக்கத்தியைப் பார்த்தால் ஜனங்கள் “காட்டு” என்கிறார்கள். பிளேயரைப் பார்த்தால் “வா” என்கிறார்கள்.

முதல் நாள் பிளேயரை அதன் உறையோடு இடுப்பில் மாட்டிக்கொண்டு, போலீஸ்காரர் மாதிரி நகரி பஜார் பக்கம் ஒரு சுற்று வரலாம் என்று கிளம்பினேன். நம் தெரு முனை தாண்டவில்லை, மாமா. பவர்லூம் ஷெட்டுக்காரர் தறிச் சத்தத்துக்கு மேலே, “டேய் பவனு, இடுப்புல இன்னாது அது, பிளேயரா? வா வா வா” என்று கத்தினார். உள்ளே போய் ஒரு போல்ட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் டீ குடித்துவிட்டு வந்து “இன்னும் கொஞ்சம் புடி” என்றார். அங்கிருந்து கிரீஸோடு வெளியே வந்தால் சைக்கிள் பிரேக் கம்பி, சைக்கிளை அனுப்பினால் குழாய், குழாயை முடித்தால் எதிர்வீட்டு ஆன்டெனா, அதில் ஏறி நிற்கும்போது கீழேயிருந்து ஒவ்வொரு வீடாக “எங்களுதும் அப்பிடியே கொஞ்சம் திருப்பு” என்று விண்ணப்பம். இறங்கி ஓடப் பார்த்தபோது கங்கம்மா பெரியம்மா பிடித்துக்கொண்டாள். கால்விரல் வீங்கி மெட்டி சதைக்குள் போய்விட்டதாம், ராத்திரியெல்லாம் தூக்கமில்லையாம், “உன்னாண்ட வெட்றது இருக்குதாமே, வெட்டி வுடுடா கண்ணு, புண்ணியமாப் போவும்” என்றாள். நான் கண்ணை மூடிக்கொண்டு நறுக்கென்று வெட்டினேன். பெரியம்மா ஆனந்தக் கண்ணீர் விட்டுக்கொண்டிருக்கும்போது பெரியப்பா கிருஷ்ணப்பா வயலிலிருந்து வந்தார். துண்டாகக் கிடந்த மெட்டியைப் பார்த்தார். “நான் உசுரோட இருக்கசொல்ல எவன்டா என் பொண்டாட்டி மெட்டிய வெட்டுனவன்?” என்று அவர் கேட்க, “மெதுவாக் கேளு, நீ உசுரோட இருக்கறது அக்கம்பக்கத்துக்குத் தெரியட்டும். புச்சு வாங்கிக் குடுன்னு போன தீபாவளிக்குச் சொன்னேனே, அப்ப எங்க போச்சு இந்த உசுரு?” என்று அவள் திருப்பிக் கேட்க, நான் பின்வாசல் வழியாகக் கரும்புத் தோட்டத்தில் இறங்கி வீடு வந்து சேர்ந்தேன். அன்றோடு பிளேயருக்கு இடுப்பு கிடையாது, பரண்தான்.

மறுநாள் பேனாக்கத்தி. ஏரிக்கரை மதகின் மேல் உட்கார்ந்து ஒரு பெங்களூரா மாங்காயை எடுத்துக் கீற்றுக் கீற்றாக அரிந்து உப்பு மிளகாய்ப் பொடி தொட்டேன். அவ்வளவுதான் செய்தேன். பையன்கள் கூடிவிட்டார்கள். “காட்டுடா”, “ஒரு தபா மூடிக் காட்டுடா”, “அந்தக் குட்டிக் கத்திரி எதுக்குடா?” ஒருவன்கூட ஏதாவது கழற்றிக் கொடு என்று கேட்கவில்லை. சைக்கிளில் போன எங்கள் ஹெட்மாஸ்டரே இறங்கிவிட்டார். “ஏமி ரா அதி?” என்று தெலுங்கில் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, கைப்பிடிக்குள் செருகியிருந்த பல் குத்தும் குச்சியைக் கண்டுபிடித்து, அங்கேயே நின்று நிதானமாகக் குத்தி, துடைத்து, திரும்பச் செருகி, “குட்” என்று சொல்லிவிட்டுப் போனார். பத்தாம் வகுப்பு முழுக்க அவர் வாயால் நான் வாங்காத “குட்”டை அந்தக் கத்தி ஐந்தே நிமிஷத்தில் வாங்கியது. அந்தக் குச்சியை நான் பிறகு தொடவில்லை என்பது வேறு விஷயம்.

நகம் காலமானதும் இந்தக் கத்தியால்தான் என்று எதிர்க்கட்சியினர் சொல்லக்கூடும். ஒப்புக்கொள்கிறேன். ஒவ்வொரு பிளேடின் முதுகிலும் நகத்துக்கென்று ஒரு சின்னக் குழி வைத்திருக்கிறார்கள். கடைசி பிளேடு மட்டும் இறுக்கமாக இருந்தது. குழியில் நகத்தை வைத்து இழுத்தேன். பிளேடு வரவில்லை, நகம் வந்தது. ஆனால் அழகான சாமானால் பட்ட காயம் அவ்வளவாக வலிக்காது, மாமா. பிளேயர் கடித்திருந்தால் ஊரைக் கூட்டியிருப்பேன்.

இனி சந்திரகிரி. கங்கையா என்கிற பஸ் டிரைவரின் மகள் பத்மினியைத்தான் உங்களுக்குப் பார்க்கப் போகிறோம் என்று ஏற்கெனவே எழுதியிருந்தோம். இந்த இடமாவது அமைய வேண்டும் என்று அம்மா காணிப்பாக்கம் பிள்ளையாருக்கு வேண்டிக்கொண்டு, மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்திருக்கிறாள். உங்களுக்கு வயது முப்பத்திரண்டு ஆகிறது. புத்தூர்க்காரர்கள் “குவைத் மாப்பிள்ளன்னா போட்டோவோடதான் குடும்பம் நடத்தணும்” என்று சொல்லிவிட்டார்கள், சத்தியவேட்டுக்காரர்கள் சொல்லாமலே விட்டுவிட்டார்கள். இதுவும் போனால் இனிமேல் உங்களுக்குப் பெண் கேட்டு ஒரு வீட்டுப் படி ஏற மாட்டேன் என்று பஸ்ஸிலேயே அம்மா மூன்று பேர் சீட்டில் இருந்த நான்காவது ஆளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த அம்மாள் திருமலைக்கு மொட்டை போடப் போகிறவள், உங்களுக்கும் சேர்த்து வேண்டிக்கொள்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறாள்.

திருப்பதியில் இறங்கி சந்திரகிரி பஸ்ஸுக்கு நிற்கும்போது நைனா கேட்டார், “அந்தப் பையனுக்கு எத்தடா குடுக்கப் போற?” நான் தயாராக இருந்தேன். “நல்ல காரியத்துக்குப் போய்க்கினு கத்தியக் குடுத்தா உறவு அறுந்துடும் நைனா. பிளேயரையே குடுத்துடலாம்” என்றேன். அம்மா என்னை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். “பரவால்ல, வெவரம் வந்துக்கினு இருக்குது” என்றாள். சிவப்புக் கத்தி என் கால்சட்டைப் பையில் பத்திரமாகப் படுத்திருந்தது.

வெள்ளிக்கிழமை, நல்ல நேரத்துக்குள் உள்ளே போய்விட்டோம். “ராண்டி, ராண்டி” என்று பெண்ணின் அம்மா இந்திராணி வரவேற்றார். கங்கையா மாமா, ஹாரன் எந்த அளவுக்கு அடிப்பாரோ அந்த அளவுக்குத்தான் பேசுவார். தேவைப்பட்டால் ஒன்று, அவசரமென்றால் இரண்டு. எங்களைப் பார்த்து ஒன்று அடித்தார்: “வாங்க.” பெண்ணின் தம்பி யஸ்வந்த், ஆறாம் வகுப்பு, கதவுக்குப் பின்னால் பாதி முகமாக இருந்தான். அம்மா தட்டை வைத்தாள். வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், பூ, ஆரஞ்சுப் பொடி டின், எல்லாவற்றுக்கும் மேலே உங்கள் போட்டோ. நீங்கள் நேரில் வராததால் நீங்கள் வந்த மாதிரி. அங்கேதான் வந்தது வினை. கூடத்தில் ஃபேன் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நீங்கள் முதலில் பெஞ்சுக்கு அடியில் பறந்தீர்கள். எடுத்து வைத்தோம். அடுத்து ஜன்னல் பக்கம் பறந்தீர்கள். “மாப்பிள்ளைக்கு நிலையா ஒரு எடத்துல இருக்கற பழக்கம் இல்ல போலக்குது” என்று இந்திராணி அம்மாள் சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் அம்மாவின் முகம் போன போக்கு சரியில்லை. நைனா மானத்தைக் காப்பாற்ற நினைத்தார். என் கையிலிருந்த பிளேயரைப் பிடுங்கி, விரித்து, உங்கள் போட்டோவை அதன் வாயில் கவ்வக் கொடுத்து, வாழைப்பழச் சீப்பின் மேல் நிறுத்தி வைத்தார். போட்டோ அசையவில்லை. ஆனால் எந்தப் பக்கமாகப் பார்த்தாலும் பிளேயர் உங்கள் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது.

“வதினா, இன்னா இது, தாம்பூலத் தட்டுல இரும்பு வெச்சிக்கினு?” என்று அம்மாவிடம் கேட்டு இந்திராணி அம்மாள் எழுந்தே நின்றுவிட்டார். நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். நல்ல காரியத் தட்டில் ஊசி கூட வைக்க மாட்டார்கள். அம்மா நைனாவின் தொடையில் கிள்ளினாள். நைனா கிள்ளலின் வேகத்திலேயே வாயைத் திறந்துவிட்டார். “அது ஒண்ணுமில்லம்மா. ராஜாங்க காலத்துல மாப்பிள்ள வர முடியலன்னா அவரு கத்திய அனுப்பி வைப்பாங்களாம். உங்க ஊர்லியே கோட்ட இருக்குது, உங்களுக்குத் தெரியாததா? எங்க மச்சான் மெக்கானிக்கு. அதான் பிளேயரு.” கங்கையா மாமா தட்டைப் பார்த்தார், கழுத்தில் பிடியோடு நிற்கும் உங்களைப் பார்த்தார், ஒரே ஒரு ஹாரன் அடித்தார்: “ரைட்.”

அந்த நேரம் பார்த்து பத்மினி அவர்கள் காபித் தட்டோடு வந்தார். (அவர்கள் இவர்கள் என்று எழுதுவதற்குக் காரணம், அத்தை என்று எழுதலாமா கூடாதா என்பது இனிமேல் உங்கள் கையில் இருக்கிறது. கீழே வருகிறேன்.) குனிந்த தலையோடு வந்தவர் நிமிர்ந்து, கழுத்து நெரிபடும் மாப்பிள்ளையைப் பார்த்தார். உதட்டைக் கடித்தார். ஆனால் டம்ளர்கள் காட்டிக்கொடுத்துவிட்டன, தட்டு முழுக்கக் கலகலவென்று ஆடியது. காபியைக் கீழே வைத்துவிட்டு நேராகப் போய் பிளேயரிலிருந்து உங்களை விடுதலை செய்து, காலரில் பதிந்த பல் தடத்தை விரலால் நீவிவிட்டார். பிறகு பிளேயரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது புச்சு இல்லியே. அவரு வெச்சிக்கினு இருந்ததா?” என்று கேட்டார். அப்போதுதான் எனக்கும் தெரிந்தது, ஒரு கைப்பிடியில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது, இன்னொன்றில் உங்கள் பெயரின் முதலெழுத்து, வே, கீறியிருந்தது. ஊரெல்லாம் இடுப்பில் கட்டிக்கொண்டு சுற்றியும் என் கண்ணில் படவில்லை. பழசைக் கொடுத்துவிட்டோம் என்று நினைத்து விடுவார்களோ என்று அம்மா பதறி, “இல்லம்மா, புச்சுதான், குவைத்ல டேப்பு சுத்தியேதான் விக்கறாங்க” என்றாள். பத்மினி அவர்கள் அதற்கும் சிரிக்கவில்லை. “தெனம் வேலை செய்யறதைக் குடுத்துட்டு அங்க எத்த வெச்சிக்கினு வேலை செய்யறாரு?” என்று பிளேயரைப் பார்த்தே கேட்டார். அதை நீங்களே எழுதுங்கள்.

அதன் பிறகுதான் பெரிய கேள்வி வந்தது. பத்மினி அவர்கள் திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு எஸ்டிடி பூத்தில் வேலை பார்க்கிறார், அன்றைக்கு எங்களுக்காக லீவு போட்டிருந்தார். “வெள்ளிக்கிழமையானா எங்க பூத்துக்கு வந்து பாருங்க. அங்க லீவு நாளு, இங்க லைன் கட்டி நிப்பாங்க. கல்ஃப்ல இருக்கறவங்க பொண்டாட்டிங்க. போன எடுத்துக்கினு பேச மாட்டாங்க, மீட்டரைப் பாத்துக்கினு அழுவாங்க. வெச்சப்புறம்தான் பேசவேண்டியது ஞாபகம் வரும். அதையும் என்னாண்டதான் சொல்லுவாங்க. என்னைக் கட்டிக்கினு இங்க வுட்டுட்டுப் போறதுக்கா, இல்ல இட்டுக்கினு போறதுக்கா? அத்த மட்டும் யாருனா சொல்லுங்க” என்றார். இந்திராணி அம்மாள் “ஏய்” என்றார். கங்கையா மாமா ஹாரனே அடிக்கவில்லை. நைனா ஆரஞ்சுப் பொடி டின்னில் எழுதியிருந்ததை வாசிக்க ஆரம்பித்தார், அது அரபியில் இருந்தது.

அப்போதுதான், மாமா, தங்கள் அக்காள் மகன் எழுந்தான். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு பேசினேன். “கத்தி பாக்கறதுக்கு அழகா இருக்கும், ஆனா அது வெட்டிட்டு உள்ள போய் மூடிக்கினு படுத்துக்கும். பிளேயரு பாக்கறதுக்கு நல்லா இருக்காது, ஆனா புடிச்சா வுடாது. எங்க மாமா போட்டோவ நீங்களே பாத்துட்டீங்க, அழகுக்காக யாரும் அவரைக் கட்டிக்க வேணாம். அவரு பிளேயர் டைப்பு. புடிச்சாருன்னா வுட மாட்டாரு, எங்க போனாலும் கையிலியே வெச்சிக்கினு போவாரு.” இந்திராணி அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கங்கையா மாமா நெடுஞ்சாலையில் லாரியை விலக்குகிற அளவுக்கு நீளமாக ஒரு ஹாரன் அடித்தார். பத்மினி அவர்கள் மறுபேச்சில்லாமல் பூத்தின் நம்பரை எழுதிக் கொடுத்து, “வெள்ளிக்கிழமை அவரைப் பண்ணச் சொல்லு, நானே பேசறேன்” என்றார். பெண் கேட்கப் போன வீட்டில் பெண்ணே போன் நம்பர் தருகிறாள் என்றால் அது என் பேச்சின் மகிமை அல்லாமல் வேறென்ன. நம்பரை இந்தக் கடிதத்தின் முதுகுப்பக்கம் பெரிதாக எழுதியிருக்கிறேன். கடிதம் கைக்குக் கிடைத்த முதல் வெள்ளிக்கிழமை, இந்திய நேரம் சாயந்திரம் ஆறு மணிக்குள். அதற்கு மேல் வேறு ஆள் டூட்டிக்கு வந்துவிடுவாராம், அவரிடம் கல்யாணம் பேசிவிடாதீர்கள்.

நான் பேசியது உபயோகம் பற்றி. அழகு விஷயத்தில் என் கட்சியின் கொள்கையில் மாற்றமில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். ஆனால் கட்சியின் சொத்து பறிபோய்விட்டது. பூத்தின் ஷட்டர் பூட்டு சிக்கிக்கொள்கிறது என்று பிளேயரை பத்மினி அவர்களே வைத்துக்கொண்டார். தனக்கு வந்த சாமான் அக்கா கைக்குப் போனதும் யஸ்வந்தின் முகத்தில் மிச்சமிருந்த பாதியும் கதவுக்குப் பின்னால் மறைந்து போயிற்று. அம்மா என் பையையே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பிறகு கிள்ளினாள். சிவப்புக் கத்தியை எடுத்துக் கொடுத்தேன், மாமா. உறவு அறுந்துவிடும் என்று ஞாபகப்படுத்தினேன். “அவன் ஒரு ரூபா குடுத்தா வெலைக்கு வாங்கின மாதிரி, அறாது” என்று இந்திராணி அம்மாள் அதற்கும் வழி வைத்திருந்தார். யஸ்வந்த் ஒவ்வொரு பிளேடாகத் திறந்தான். அவன் முகத்தைப் பார்த்திருந்தால் எந்தச் சாமான் அழகு என்று நான் இவ்வளவு பக்கம் எழுத வேண்டியிருந்திருக்காது. கடைசியாகப் பல் குத்தும் குச்சியை உருவி வாயில் வைத்துக்கொண்டான். ஹெட்மாஸ்டரைப் பற்றி நான் சொல்லவில்லை. சொந்தமாகப் போகிறவன், பிறகு ஒரு நாள் நிதானமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

ஆகையால் தாங்கள் கல்யாணத்துக்கு வரும்போது அம்மா சொல்படி எனக்கு பிளேயர் வாங்கிவந்தால் இந்த ஊரில் ஒரு போல்ட் விடாமல் நான்தான் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். சிவப்புப் பேனாக்கத்தி ஒன்று, முடிந்தால் நகக்குழி கொஞ்சம் ஆழமாக இருப்பது, வாங்கிவந்து ஏழை மருமகனின் எதிர்காலத்தில் ஒளியேற்றுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் ரூமில் உள்ள பெரியவர்களுக்கு என் நமஸ்காரம், என்னைவிடச் சின்னவர் யாராவது இருந்தால் ஆசீர்வாதம். வெயிலில் தலைக்குத் துணி கட்டிக்கொண்டு வேலை செய்யவும் என்று அம்மா சொல்லச் சொன்னாள். எருமை ஒன்றும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
தங்கள் சொல் தட்டாத,
பத்து விரலும் ஒன்பது நகமும் உள்ள,
தி. பவன்குமார்

பி.கு.: கடிதத்தை மடித்து ஒட்டப் போனேன். கோந்து தீர்ந்துவிட்டது, அம்மா சோற்றுப் பருக்கை எடுத்துவரப் போனாள். அதற்குள் யோசிக்க நேரம் கிடைத்துவிட்டது, அது எனக்கு எப்போதுமே ஆகாது.

மாமா, அந்தப் பேச்சை நான் பேசவில்லை. கத்தி மூடிக்கொள்ளும், பிளேயர் விடாது என்பதெல்லாம் திரும்பி வரும்போது பஸ் புத்தூரைத் தாண்டின பிறகு எனக்குத் தோன்றியது. கூடத்தில் நானும் எல்லோரையும் போல ஃபேனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்மினி அவர்கள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, குடிக்காத காபி டம்ளர்களைக்கூட எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அம்மா வெற்றிலையை வெறுமனே அடுக்கிக்கொண்டிருந்தாள். எனக்குத் தாங்கவில்லை. கை கழுவுகிற சாக்கில் பின்பக்கம் போனேன்.

அங்கே குழாயடியில் அவர் நின்றுகொண்டிருந்தார். அக்கா என்பதா அத்தை என்பதா என்று தெரியாமல் “ஏங்க” என்றேன். “மாமா பேமிலி விசா எடுத்து வெச்சிட்டாருங்க. உங்களை இட்டுக்கினுதான் போவாரு. இல்லன்னா ரெண்டு வருஷத்துல திரும்பி வந்து திருப்பதிலயே ஏசி கடை போட்டுடுவாரு.”

“ரெண்டுல எது?” என்றார்.

“ரெண்டும்” என்றேன்.

“அவரு சொன்னாரா, நீயே சொல்றியா?”

ஊரையே ஏமாற்றுகிறவன் நான், மாமா. உங்களுக்குத் தெரியும். ஆனால் அவர் கேட்ட விதத்தில் எனக்குப் பொய் வரவில்லை. “நானேதான்” என்றேன். காது இரண்டும் சுட்டது.

“உங்கப்பா ராஜா கதை சொல்றாரு. உங்கம்மா டேப்பு சுத்தி விக்கறாங்கன்றாங்க. நீ விசா எடுத்துட்ட. உங்க வூட்ல நெசம் பேசற ஆளு யாருனா இருக்காங்களா?”

“மாமா மட்டும்தான்” என்றேன். அதை மட்டும் யோசிக்காமல் சொன்னேன்.

அவர் என்னையே பார்த்தார். பிறகு, நான் எதிர்பார்க்கவே இல்லை, சிரித்துவிட்டார். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, என் பேனாவை வாங்கி, நம்பரை என் உள்ளங்கையில் எழுதினார். “அப்ப அவரையே கேக்கறேன். முடியும்னா முடியும்னு சொல்லட்டும், இன்னும் தெரியலன்னா தெரியலன்னு சொல்லட்டும். அதுக்கு நான் காத்துக்கினு இருப்பேன். அழகாப் பேசத் தேவையில்லன்னு சொல்லு” என்றார்.

இதை அம்மாவுக்கு எழுதிக் கேட்டுவிடாதீர்கள். பருக்கையோடு வந்துவிட்டாள், ஒட்டப் போகிறேன். வெள்ளிக்கிழமை போனில் விசா, ஏசி கடை எதையும் என் பேச்சை நம்பிச் சொல்ல வேண்டாம். உங்கள் மனதில் என்ன இருக்கிறதோ அதைச் சொல்லுங்கள் போதும். அன்றைக்கு முழுக்க சந்திரகிரியில் நான் சொன்ன ஒரே உண்மை உங்களைப் பற்றித்தான். அது ஒன்றையாவது பொய்யாக்கிவிடாதீர்கள்.